குழாயைத் திருப்பி வைத்தவர்

கொல்லிமலையில் இதுவரை பிறந்தவர்களிலேயே அதிகச் சத்தம் போட்டவர் மைக்செட்டுதான். சத்தத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். இரண்டும் ஒரே மனிதரிடம் எப்படி இருந்தன என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கும். அது ஊரில் யாருக்கும் தெரியாது. கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி, சாவு எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் வைத்து ரேடியோ கட்டுகிறவர் என்பதால் மைக்செட்டு. மகள் வயிற்றுப் பிள்ளைகளே "மைக்செட்டு அப்புச்சி" என்றுதான் கூப்பிடும்.

நான் ஆலத்தூர் நாட்டில் பஸ் நிற்கிற இடத்தில் மெஸ் நடத்துகிறவள். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எனக்கு நைசாகப் பேசவும் வராது, எழுதவும் வராது. செல்போனில் ஊரையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பேசவைக்கிற பெரிய கம்பெனிகள் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் மைக்செட்டைப் பற்றி எழுதுகிறேன். கம்பெனிக்காரர்களும் படித்துக்கொள்ளட்டும்.

வாழ்நாள் முழுக்க மைக்கைத் தட்டித் தட்டி மைக்செட்டுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதையாவது விரலால் தட்டாமல் அவருக்குப் பேச்சு வராது. கடைக்கு வந்தால் டம்ளரை டொக் டொக் டொக் என்று தட்டுவார். "ஹலோ... ஹலோ... அம்மிணி, ஒரு டீ." ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் நெஞ்சில் குழலை வைத்தபோது இவர் அந்தக் குழலைத் தட்டி "ஹலோ, கேக்குதுங்களா?" என்றிருக்கிறார். டாக்டர் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாராம்.

நோம்பியில் அவர் மைக்கைப் பிடிக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை கீழே சேந்தமங்கலத்திலிருந்து ஒரு கட்சிக்காரர் வெள்ளை வேட்டியும் பத்து அடியாட்களுமாக வந்தார். எடுத்ததுமே "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தார். மைக்செட்டு வயரைப் பிடுங்கிவிட்டார்.

"யோவ், என்னையத் தெரியாதவன் இந்த ஜில்லாவுல இருக்கானாய்யா?"

"எங்களுக்குத் தெரியுமுங்க. குழாய்க்குத் தெரியாதுங்களே."

கட்சிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பெயர், ஊர், அப்பா பெயர் வரைக்கும் சொன்ன பிறகுதான் வயர் மறுபடி ஏறியது.

குழாயைக் கட்டுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. மரத்தில் ஏறுவதற்கு முன்னால் ஊரை ஒரு சுற்று சுற்றிவருவார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு, நோவாளி படுத்திருக்கிற வீடு, எழவு விழுந்து மாதம் ஆகாத வீடு, இந்தப் பக்கமெல்லாம் குழாய் திரும்பாது. ஒரு கல்யாணத்துக்கு அப்படிப் பார்த்துப் பார்த்து எந்தப் பக்கமும் மிச்சமில்லாமல் போனதும், குழாயை வானத்தைப் பார்த்துக் கட்டிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் காசைக் கொடுத்துக் காக்காய்க்குப் பாட்டுப் போட்டார்கள்.

இப்படிப்பட்ட ஆளிடம் மருமகன் ஒரு டச் போனை வாங்கிக் கொடுத்தார். மைக்செட்டு 'நல்லது கெட்டது' என்று பெயர் வைத்து ஊருக்கு ஒரு குரூப் ஆரம்பித்தார். ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் உயிரை வாங்கினார்.

குரூப்பில் எழுதக் கூடாது, குரலில்தான் சொல்ல வேண்டும். முதலில் பெயர், ஊர். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், வந்ததை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடக் கூடாது. பொழுது சாய்ந்ததும் "ஆம்ப்ளிஃபயர் சூடாயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் குரூப்பையே பூட்டிவிடுவார். போனில் எங்கே இருக்கிறது ஆம்ப்ளிஃபயர்?

யாராவது காலையில் ரோஜாப் பூப் படம் போட்டு 'குட் மார்னிங்' சொன்னால் உடனே போன் போடுவார்.

"ஏனுங்க, பூ வந்துச்சுங்க. என்ன விசேசமுங்க?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மா."

"சும்மாவுங்களா? பொண்ணு பாக்க வந்தாங்களோ? மாடு கண்ணு போட்டுச்சோ?"

"ஒண்ணுமே இல்லீங்க மைக்செட்டண்ணா, தெரியாம அனுப்பிட்டனுங்க, ஆள உடுங்க."

ஒரே வாரத்தில் ஆலத்தூர் நாட்டில் ரோஜாப் பூ ஒழிந்தது. கோபித்துக்கொண்டு பாதிப் பேர் வெளியே போய் வேறு குரூப் வைத்தார்கள். அதில் ராத்திரி பகலாக எதையெதையோ கொட்டினார்கள். கடைசியில் ஒருவன் அப்பா செத்துப்போன சேதியே அந்தக் குப்பைக்குள் அமுங்கிப்போய், சொந்த மாமன் எழவுக்கு வராமல் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராகத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்கள்.

இனி பல்லிக் கதைக்கு வருகிறேன்.

ஒரு நாள் மத்தியானம் என் கடைக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டூரிஸ்ட் வேன்கள் என் கடை வாசலில் வேகத்தைக் குறைக்கும், டிரைவர் டூரிஸ்டிடம் ஏதோ சொல்வார், வண்டி போய்விடும். வடித்த சோற்றை நாய்க்குப் போட்டேன். நாய்கூட ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைத்தது. அந்தக் கடைதான் என் சோறு. நாமக்கல்லில் ஹாஸ்டலில் இருந்து நர்ஸுக்குப் படிக்கிற என் மகளுக்கும் அதுதான் சோறு.

மூன்றாம் நாள் பூ விற்கிறவள் போனைக் காட்டினாள். ஒரு வீடியோ. சாம்பார் வாளியில் பல்லி மிதக்கிறது. "கொல்லிமலைக்குப் போறவங்க ஜாக்கிரதை, பஸ் நிக்கிற இடத்துல இருக்கிற மெஸ்ஸு" என்று ஒரு குரல். பெயரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. அந்தக் கடைச் சுவர் பச்சை, என் சுவர் நீலம். அங்கே கரண்டி பிடித்திருப்பது மீசை வைத்த ஆள். என் கடையில் மீசையே கிடையாது.

பூக்காரியின் போனிலேயே அதைப் பற்றிக் கம்பெனிக்குப் புகார் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பரிசீலித்தார்களாம், அவர்கள் விதி எதையும் அந்த வீடியோ மீறவில்லையாம். அதோடு விட்டார்களா? 'எங்கள் சேவை எப்படி இருந்தது? நட்சத்திரம் கொடுங்கள்' என்று கேட்டார்கள். கையில் கரண்டி இருந்தது. அடிக்க ஆள்தான் எதிரில் இல்லை.

இருந்த ஒரே ஆள் மைக்செட்டு. கரண்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஏனுங்ண்ணா, பூவுக்கெல்லாம் போன் போட்டுக் கேக்கற ஆளு, என்ற பொழப்புல பல்லிய உட்டவன் எவன்னு கேக்க மாட்டீங்களா?"

"நம்ம குரூப்புலயா? இருக்காது அம்மிணி. எவன் போட்டானோ அவன நோம்பி மேடையில ஏத்தி..." என்று சொல்லிக்கொண்டே போனைத் திறந்தார். பார்த்தார். முகம் கருத்துப்போனது.

"அம்மிணி... நாந்தான் போட்டிருக்கறன்."

நடந்தது இதுதான். யாரோ அவருக்கு அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் காட்டி எச்சரிக்கலாம் என்று, யாருக்கு அனுப்பலாம் எனப் பெயர்கள் வரிசையாக வருகிற இடத்துக்குப் போயிருக்கிறார். குரலில் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்திருக்கிறார். பேசுவதற்கு முன்னால் இவர் என்ன செய்வார்? தட்டுவார். டொக், டொக், டொக். "ஹலோ" சொல்வதற்குள் எங்கள் குரூப்புக்கு ஒன்று, குண்டனி நாட்டு மிளகு வியாபாரிகள் குரூப்புக்கு ஒன்று, சேந்தமங்கலம் வேன் டிரைவர்கள் குரூப்புக்கு ஒன்று போய்விட்டது. எனக்குத்தான் போனது என்று நினைத்து அவர் போனை மூடிவிட்டார்; எனக்கு மட்டும் வரவில்லை, கடை வேலையில் குரூப்பையும் நான் திறந்து பார்த்திருக்கவில்லை.

கம்பெனிக்காரர்களே, இங்கே மலையில் ஒரு ஜீப்பைப் பின்னால் எடுப்பதென்றால்கூட ஓர் ஆள் இறங்கி நின்று "வரட்டும், வரட்டும்" என்று கத்த வேண்டும். ஒருத்தியின் பிழைப்பைக் கவிழ்க்க மூன்று தட்டுப் போதும் என்று பொத்தான் வைத்தவன் யார்? அந்த இடத்தில் "ஏனுங்க, நெசமாத்தானுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்க உங்களிடம் ஆள் இல்லையா?

மைக்செட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. நோம்பியில் யாராவது தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால், அதே மைக்கில், அதே குழாயில் "நான் சொன்னது தப்புங்க" என்று சொல்லாமல் அவர் மேடையை விட்டு இறங்கவிட மாட்டார். இப்போது அந்தச் சட்டம் அவர் தலையிலேயே விழுந்தது. மறுநாள் காலையில் ஒரு ஜீப்பில் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"பெரியவங்களே, நான் மைக்செட்டுப் பேசறனுங்க. ஆலத்தூர் நாட்டு மெஸ்ஸுல சாம்பார்ல பல்லி உழுகலீங்க! அனுப்புன முட்டாள் நாந்தானுங்க!"

மத்தியானத்துக்குள் செல்போனே இல்லாத ஊருக்கெல்லாம் பல்லி போய்ச் சேர்ந்துவிட்டது. மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து "எந்தப் பல்லிங்க? எத்தாச்சோடு பெருசு இருந்துச்சுங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். என் கடையைப் பற்றி அதுவரைக்கும் தெரியாத ஆளுக்கும் தெரிந்துபோனது.

நடு ரோட்டில் ஜீப்பை மறித்தேன்.

"வீடியோவப் பாத்தவனுக்குச் சொன்னாப் பத்தாதா, பாக்காதவனுக்கெல்லாம் ஊதிக்கிட்டு வாரீங்க! உங்களுக்கு மூளைங்கறது இருக்குதா?"

ஜீப் பானெட்டைத் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு மேலே ஏறி இரண்டு குழாயையும் கழற்றிக் கீழே வைத்தார். சத்தம் எடுபடாத இடம் என்று ஒன்று இருப்பதை மைக்செட்டு ஒத்துக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த நாளிலிருந்து நடந்தே போனார். குண்டனி நாட்டில் ஒவ்வொரு மிளகு வியாபாரி வீட்டுக்கும் போனார். பஸ் ஏறிச் சேந்தமங்கலம் போய் வேன் ஸ்டாண்டில் உட்கார்ந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. "தம்பி, ஒரு வீடியோ வந்துச்சே, பாத்தீங்களா?" பார்க்கவில்லை என்றால் "அப்ப ஒண்ணுமில்லீங்க சாமி" என்று எழுந்துவிடுவார். பார்த்தேன் என்றால் மாட்டினான். என் கடையின் படத்தையும் அந்த வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்.

"இது என்ன கலருங்க?"

"பச்சைங்க."

"இது?"

"நீலமுங்க."

"இவருக்கு மீசை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அம்மிணிக்கு?"

"அய்யோ, உடுங்கண்ணா, புரிஞ்சுதுங்க."

"புரிஞ்சாப் பத்தாதுங்க. நீங்க யார் யாருக்கு அனுப்புனீங்க? அவங்களுக்கு உங்க வாயால, உங்க பேரச் சொல்லிச் சொல்லோணும். நான் இங்கயேதான் உக்காந்திருக்கறன்."

உட்கார்ந்தே இருந்தார். டிரைவர்கள் சவாரி போய்விட்டுத் திரும்பி வந்தாலும் அவர் இருந்தார். அவரை எழுப்பிவிடுவதற்காகவே பாதிப் பேர் போன் போட்டுச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதைத்தான் நான் கம்பெனிக்காரர்களிடம் கேட்கிறேன். அந்த மனிதருக்கு யார் பார்த்தது, யார் பார்க்கவில்லை என்று தெரியாது. மூட்டுவலிக் காலோடு நடந்து நடந்துதான் கண்டுபிடித்தார். உங்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். என் மகள் ஒரு தடவை போனில் ஒரு செருப்பைப் பார்த்துவிட்டாள் என்று அந்தச் செருப்பை மாதக் கணக்கில் அவள் பின்னாலேயே அனுப்புகிறீர்களே, பொய்யைப் பார்த்தவன் பின்னால் நிஜத்தை அனுப்ப முடியாதா? முடியும். முடியாது என்று நினைத்திருந்தால் அடுப்பை விட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஒரு ரேடியோக்காரரால் இரண்டு நாடும் ஒரு வேன் ஸ்டாண்டும் திருந்தின. உங்களால் ஆகாதா?

ஒரு நாள் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். சுவரைப் பார்த்தார். சாம்பார் வாளியைப் பார்த்தார். என் மூக்குக்குக் கீழேயும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்து, "நீலம்தாங்க, எறங்குங்க" என்று கத்தினார். அன்றைக்குச் சோறு பத்தவில்லை. இன்று வரைக்கும் வருகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். வேறு வண்ணம் அடிக்கலாமென்றால் பயமாக இருக்கிறது.

மைக்செட்டு தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்டார். குரூப்பை என் தலையில் கட்டிவிட்டு அவர் வெளியேறிவிட்டார். இப்போது நான்தான் அட்மின். தினமும் டீக்கு வந்து டம்ளரைத் தட்டி, "ஹலோ, இன்னிக்கு என்ன நல்லது கெட்டது?" என்று கேட்பார். சொல்வேன். ரோஜாப் பூ வந்தால் அவரை விட மோசமாகத் திட்டுகிறேன் என்று ஊரில் பேச்சு.

இந்த வருஷ நோம்பியின்போது எனக்குக் காய்ச்சல். கடையைச் சாத்திவிட்டுப் படுத்துக் கிடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. போன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மகள் என் கடைக்குப் போனில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்திருக்கிறாள். 'உங்கள் கடைப் பக்கத்தில் இன்று ஒன்றும் பதிவிடவில்லையே, வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள்' என்று கம்பெனி கேட்டது. போனை அமர்த்தித் தலையணைக்கு அடியில் போட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. நோம்பி நாள், சத்தத்தையே காணோம். கிழவருக்குக் கடைசியில் செட்டு கெட்டுப்போய்விட்டது போல என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். நோம்பி நடந்துகொண்டிருந்தது. கோயில் பக்கத்துப் பலாமரத்தில் குழாய்கள் கட்டியிருந்தன. எல்லாக் குழாயும் என் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து இருந்தன. காலையில் ஊரைச் சுற்றிவந்தவர் சாத்தியிருந்த கடையைப் பார்த்திருக்கிறார்.

பாட்டு எங்கோ தூரத்தில் கேட்பது போலக் கேட்டது. எனக்கு இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போல இருந்தது. மற்ற ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுப் படுத்தேன்.