ஏழு நாள் ஆய்வு, ஒரே ஒரு மனைவி

இந்தத் தடவை அறிவியலை வச்சே அவளை மடக்கிடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

எங்க வீட்ல மூணு வருஷமா ஒரே தகராறு. கல்யாணம் ஆகியும் மூணு வருஷம்தான். "வீட்டு வேலை மொத்தமும் என் தலையிலதான்"னு அவ சொல்றா. "நீ பாதி நேரம் உக்காந்துதானே இருக்கே"ன்னு நான் சொல்றேன். ஆதாரம் ரெண்டு பேர்கிட்டயும் இல்ல.

போன வருஷம் யுனிவர்சிட்டில சாயங்கால வகுப்பு சேர்ந்தேன். உடல்நலமும் மனித அறிவியலும். அங்கதான் அந்த அசைன்மென்ட் என் மடியில வந்து விழுந்துச்சு! வீட்ல ஒரு ஆளைப் புடிச்சு, ஏழு நாள், கால் மணிக்கு ஒரு தடவை அவங்க என்ன பண்றாங்கன்னு குறிக்கணும். வேலையா, நடமாட்டமா, ஓய்வா. ஒரு நாள் குறைஞ்சாலும் பூஜ்யம். ஏற்கெனவே இந்தப் பேப்பர்ல நான் ஒரு தடவை குப்புற விழுந்தவன். இன்னொரு தடவை விழுந்தா படிப்பையே மூட்டை கட்டிட வேண்டியதுதான்.

ஆபீஸுக்கு ஒரு வாரம் லீவு போட்டேன். சம்மதப் படிவத்தை அவ முன்னாடி நீட்டினேன்.

ஒண்ணு மறந்துட்டேன். அவளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனில படிவம் சரிபாக்கற வேலை. வீட்ல இருந்தே பாக்கறா. ஒரு கமா விடமாட்டா.

"ஏங்க, இந்த ஆறாவது வரியைப் படிச்சீங்களா?"

"அதெல்லாம் சும்மா போட்டிருப்பாங்கம்மா. கையெழுத்து போடு."

"'பங்கேற்பவர் எந்த நேரத்திலும், காரணம் கூறாமல், விலகிக்கொள்ளலாம்.' அப்படியா?"

"ஆமா. ஆனா யாரும் விலக மாட்டாங்க."

"ம்."

போட்டா. அந்த 'ம்'லயே எனக்கு உறைச்சிருக்கணும்!

முதல் நாள் நோட்டும் கையுமா பின்னாடியே அலைஞ்சேன். சமையல், துணி, ஆபீஸ் வேலை, பாத்திரம், மறுபடி சமையல். ராத்திரி கூட்டிப் பார்த்தா மொத்த ஓய்வு முக்கா மணி நேரம். அதுலயும் கால் மணி நின்னுக்கிட்டே காபி குடிச்சது. நோட்டைப் பட்டுனு மூடி வச்சுட்டேன்.

ரெண்டாம் நாள் காலைல சிங்க் பக்கத்துல படிவத்தோட நிக்கறா.

"ஏங்க, விலகிடலாமான்னு இருக்கு."

"ஐயையோ! ஏன்?"

"காரணம் சொல்ல வேணாம்னு போட்டிருக்கே."

"தாயே, இன்னும் ஆறே நாள்தான்! என் படிப்பே போயிடும்!"

அவ பாத்திரத்தைப் பார்த்தா. நான் அவளைப் பார்த்தேன். அவ மறுபடியும் பாத்திரத்தைப் பார்த்தா.

தேய்ச்சேன்.

மூணாம் நாள் துணி. நாலாம் நாள் சமையலும் சேர்ந்துக்கிச்சு. அஞ்சாம் நாள் பாத்ரூம். இதுக்கு நடுவுல கால் மணிக்கு ஒரு தடவை ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டு ஓடி வந்து 'ஓய்வு'ன்னு எழுதணும். நோட்டு பூரா சோப்பு நுரை.

"அஞ்சே காலுக்கு என்ன போட்டீங்க?" சோபாவுல இருந்து குரல்.

"ஓய்வு."

"நடுவுல புரண்டு படுத்தேனே. அதையும் ஓரமா குறிங்க. அறிவியல்ல பொய் எழுதக் கூடாதுங்க."

வாசல்ல பெருக்கறப்போ பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாங்க.

"என்ன தம்பி, இப்படி இளைச்சுட்டீங்க?"

"படிக்கறேன்க்கா."

"துடைப்பத்தை வச்சுக்கிட்டா?"

ஏழாம் நாள் கூட்டிப் பார்த்தேன். அன்னிக்கு மட்டும் ஓய்வு ஆறு மணி நேரம்! முதுகு ஒடிஞ்சு கிடந்தாலும் எனக்குக் குஷி தாங்கல. நான் சொன்னது இப்போ எழுத்துல இருக்கே!

ரெண்டு நாள் கழிச்சு பேராசிரியை கூப்பிட்டாங்க. நோட்டைப் புரட்டினாங்க. மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாங்க.

"முதல் நாள் முக்கா மணி நேரம். கடைசி நாள் ஆறு மணி நேரம். ஒரே வாரத்துல! வீட்ல எதை மாத்தினீங்க?"

"என்னைத்தான் மேடம்."

"பிரமாதம்! பாஸ் பண்ணிட்டீங்க. இதையே ஆறு மாசம் தொடர்ந்து செய்யுங்க. இதுதான் உங்க கடைசி வருஷ ஆய்வு."

ஆறு மாசமா! சட்டுனு ஒரு வழி தோணுச்சு. முகத்தை சோகமா வச்சுக்கிட்டேன்.

"எனக்கு ஆசைதான் மேடம். ஆனா என் மனைவி ஒத்துக்கவே மாட்டாங்க. ரொம்ப அலுத்துப் போயிட்டாங்க, பாவம்."

"அவங்களா? படிவத்துல இருந்த நம்பரைப் பார்த்து நேத்தே போன் பண்ணாங்களே! ஒரு வருஷம் கேட்டாங்க. நான்தான் ஆறு மாசமா குறைச்சேன்."