கரிக்கு ஒரு தீக்குச்சி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அலாரம்காரர் சமையலறைக்குள் நுழைந்து, கைகளைத் தட்டி, "இன்னைக்கு சமையல் நம்ம பொறுப்பு. நீ போய் உட்காரு" என்று மனைவியிடம் அறிவித்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்த அறைக்குத் தண்ணீர் குடிக்க மட்டுமே வந்திருக்கிறார். அதற்கும் டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார்.

"என்ன சமைக்கப் போறீங்க?"

"பார்பிக்யூ சாஸ். இனிப்பா இருக்கும், கூடவே புகை மணம் தூக்கலா இருக்கும். கடையில விக்கிறதெல்லாம் வெறும் கலர் தண்ணி."

"திடீர்னு என்ன சாஸ்?"

"மத்தியானம் உன் தம்பி சாப்பிட வர்றான்ல. என் மச்சானுக்கு நான் ஒண்ணு செய்யக் கூடாதா?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பஸ் ஓட்டும் அந்தத் தம்பியை அவர் இத்தனை காலமும் 'சோத்துமூட்டை' என்றுதான் சொல்லி வந்திருக்கிறார். இன்றைக்குத்தான் மச்சான்.

அலாரம்காரர் என்ற பெயர் அவர் தொழிலால் வந்தது. புகை வந்தால் அலறும் கருவியை ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி விற்கிறார். மனைவிக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. நாள் முழுக்கத் திறந்த வாய்களுக்குப் பக்கத்தில் நிற்பவள். எதிராளி 'ஆ' என்பதற்குள், காலையில் என்ன தின்றார், நேற்று என்ன குடித்தார் என்று சொல்லிவிடுவாள். அவர் விற்கும் கருவிகளெல்லாம் அந்த மூக்குக்கு உறை போடக் காணாது.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் இதே சாப்பாட்டு மேஜையில் அவள், "அந்த சிகரெட்டை விட்டுடுங்களேன்" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அத்தோடு சரி என்று தலையாட்டியிருக்கலாம். மச்சான் எதிரில் உட்கார்ந்திருந்தான். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மேஜையை ஓங்கிக் குத்தி, "இனி ஒரு சிகரெட்டைத் தொட்டேன்னு தெரிஞ்சா இந்த மீசையை எடுத்துடறேன்!" என்றார்.

யாரும் கேட்காத மீசை. ஆனால் சாதாரண மீசை இல்லை. அதற்கென்று தனிச் சீப்பு, தனிக் கத்திரி, தனி எண்ணெய். அவருடைய கருவியை நம்பாத ஆபீஸ் மேனேஜர்கள்கூட அந்த மீசையை நம்பித்தான் ஆர்டர் கொடுத்தார்கள். அது போனால் முகத்தில் மிச்சம் இருப்பது மூக்கும் பயமும்தான் என்பது அவருக்கே தெரியும்.

பத்தொன்பது நாளும் படாத பாடு பட்டார். பென்சிலைக் கடித்தார், கிராம்பைக் கடித்தார், மேலதிகாரியைக் கடித்தார். அப்போதுதான் கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. சாஸுக்குக் கரியில் புகை போடுகிறார்கள். அவர் மூளையில் பல்பு எரிந்தது. புகை போடும் சமையல்! சட்டை நாறலாம், கண் சிவக்கலாம், இருமல்கூட வரலாம். கேட்டால், சாஸ்!

ஆக, வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார். இரண்டாவது வெங்காயத்திலேயே கண்ணீர் மீசையை நனைத்தது.

"அழறீங்களா?" என்றாள் மனைவி, வாசலில் சாய்ந்தபடி.

"வெங்காயம்."

"இருபத்திரண்டு வருஷமா நானும் அதையேதான் சொல்லிட்டு இருக்கேன்."

அவர் காதில் வாங்கவில்லை. வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, தக்காளி விழுதைக் கொட்டினார். பழுப்புச் சர்க்கரை, வினிகர், மிளகாய்த்தூள், கடுகுத்தூள். அடுப்பைத் தணித்துவைத்து ஒரு மணி நேரம் கிண்டினார். சாஸ் கொழகொழவென்று செங்கல் நிறத்துக்கு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், இனிப்பும் புளிப்பும் கச்சிதமாக இருந்தன. அவருக்கே ஆச்சரியம்.

சட்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளறைக்குப் போனார். வாடிக்கையாளர்களுக்குக் காட்ட அவர் வைத்திருக்கும் அலாரம் ஒன்று உண்டு. உள்ளே சாமான் கிடையாது, வெறும் கூடு. அந்தக் கூட்டுக்குள்தான் ஒரே ஒரு சிகரெட் பத்தொன்பது நாளாகக் காத்திருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"தீப்பெட்டி குடு. கரி பத்த வைக்கணும்."

"அடுப்புல காட்டினா ரெண்டு நிமிஷத்துல பத்திக்குமே."

"காஸ்ல பத்த வச்சா காஸ் வாசனை ஏறிடும். வெளிக்காத்துலதான் பத்த வைக்கணும்னு வீடியோவுல அடிச்சுச் சொல்லியிருக்கான்."

அப்படி எவனும் சொல்லவில்லை. மனைவி மறுபேச்சு பேசாமல் தீப்பெட்டியை நீட்டினாள். அவள் மறுபேச்சு பேசாதபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

சட்டி, கரித்துண்டு, சின்னக் கிண்ணம் எல்லாவற்றோடும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். "யாரும் வரக் கூடாது! திறந்தா மணம் போயிடும்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். தீப்பெட்டியைத் திறந்தார்.

ஒரே ஒரு குச்சி.

கரிக்கா, தனக்கா? ஒரு கணம் நியாயமாகத்தான் யோசித்தார். முதலில் சிகரெட், அதே நெருப்பில் கரி, இரண்டுக்கும் போதும் என்று கணக்குப் போட்டார். சிகரெட் பற்றியது. குச்சி அவர் விரலைச் சுட்டுவிட்டுக் கீழே விழுந்து அணைந்தது. சிகரெட் நுனியைக் கரியில் வைத்து அழுத்திப் பார்த்தார். கரி அசைந்து கொடுக்கவில்லை.

சரி, போகட்டும். கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தார். பத்தொன்பது நாள் துக்கமும் அந்த ஒரு இழுப்பில் கரைந்தது. சந்தோஷத்தில் அழுகையே வந்தது, இந்தத் தடவை வெங்காயம் இல்லாமல்.

பாதி சிகரெட் போன பிறகுதான் சாஸ் ஞாபகம் வந்தது. புகை மணம் இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வார். மீசை போய்விடும். வேறு வழி? சட்டி மூடியைத் தூக்கினார். மீதிச் சிகரெட்டை இழுத்து இழுத்துச் சட்டிக்குள் ஊதி ஊதி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சாம்பலும் கொஞ்சம் விழுந்தது. கிண்டிவிட்டார்.

ஒரு மணிக்கு மச்சான் வந்தான். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சுட்ட கோழி, அவித்த உருளைக்கிழங்கு, மேலே சாஸ். மனைவி உள்ளே இருந்தே தட்டுகளில் ஊற்றி எடுத்து வந்தாள்.

அலாரம்காரர் ஒரு வாய் வைத்தார். பஸ் நிலையத்துச் சாம்பல் தட்டைச் சர்க்கரைப் பாகில் ஊறப் போட்டு நக்கினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"மாமா!" என்றான் மச்சான், விரலைச் சப்பிக்கொண்டு. "பிரமாதம்! என்னா மணம்!"

அவர் அவனை வெறித்துப் பார்த்தார். இவனுக்கு நாக்கே கிடையாதா?

"நிஜமாவே நல்லாருக்குங்க," என்றாள் மனைவி. "நீங்க ஏன் கொறிக்கிறீங்க? நல்லா சாப்பிடுங்க."

மீசைக்காக மனிதன் என்னதான் செய்ய மாட்டான்? அள்ளி அள்ளி விழுங்கினார். கண் பிதுங்கியது. "அருமை" என்றார். மனைவி எழுந்து போய் இன்னொரு கரண்டி கொண்டுவந்து அவர் தட்டில் ஊற்றினாள். அதையும் விழுங்கினார்.

"இந்த மணம் எப்படி மாமா வருது?"

"கரிதான்டா மச்சான் எல்லாம்," என்றார், தண்ணீரைக் குடித்து அடக்கிக்கொண்டு. "கரி தணலா சிவந்திருக்கணும். கிண்ணத்துல வச்சு, சட்டிக்குள்ள இறக்கி, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, டப்புனு மூடணும்."

"நீங்க வச்ச கரி நல்லா சிவந்துச்சாங்க?" என்றாள் மனைவி.

"செக்கச்செவேல்னு! பத்து நிமிஷம்!"

அவள் பால்கனிக்குப் போனாள். கரித்துண்டை இரண்டு விரலில் எடுத்து வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கன்னங்கரேல் என்று இருந்தது.

"காத்துல அணைஞ்சிருக்கும்..."

"அணைஞ்ச கரியில சாம்பல் பூத்திருக்கும். இது கடையில வாங்கின மாதிரியே இருக்கு. குச்சி ஒண்ணுதான் குடுத்தேன். கரிக்கு வைக்கிறீங்களா, வாய்க்கு வைக்கிறீங்களான்னு பார்க்கத்தான்."

"அப்போ... நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டது?"

"நீங்க அலாரம் கூட்டை நோண்டப் போனப்பவே பாதி சாஸை எடுத்து வச்சுட்டேன். காஸ்ல கரியைக் காட்டி நானே புகை போட்டேன். உங்க சட்டியில இருந்தது மொத்தமும் உங்களுக்குத்தான்."

"காஸ் வாசனையே இல்லக்கா," என்றான் மச்சான், தட்டை வழித்தபடி.

"பாத்ரூம்ல ரேசர் இருக்கு," என்றாள் மனைவி. "புது பிளேடு. காலைலயே எடுத்து வச்சுட்டேன்."

கால் மணி நேரம் கழித்து அலாரம்காரர் வெளியே வந்தார். மச்சான் ஒரு தடவை பார்த்துவிட்டு, மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

"இனிமே சத்தியமா தொடமாட்டேன்," என்றார், மேலுதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு.

மனைவி அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"சரி. புருவம் ரெண்டு மிச்சம் இருக்கு."