கருவிக்குச் செய்த மரியாதை

“...கம்பிக்குத் தெரியாதது உன் தோலுக்குத் தெரியும்ல மாப்ளே? அப்ப நீயே உள்ள போ” என்று முடித்து, மச்சான் கருத்தபாண்டி ஏலக்காய் ஸ்டோரின் இரண்டாம் அறைக் கதவைத் திறந்து பிடித்தார்.

பறித்த பச்சைக்காயை நெருப்புச் சூட்டில் காயவைக்கிற கட்டடத்துக்குத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்று பெயர். அந்த அறைக்குள் மனிதர்கள் போவது புதிதல்ல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் காயைக் கிளறிவிட்டு, வெந்த கத்தரிக்காய் மாதிரி வெளியே வருவார்கள். ஆனால் வெப்பமானிக்குப் பதிலாக ஓர் ஆளை உள்ளே அனுப்பியது, எனக்குத் தெரிந்து, போடிமெட்டுக்கு மேலேயும் கீழேயும் அந்த ஒரு முறைதான். அந்த ஆள் நான்.

“தெரியாது” என்ற சொல்லை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். அதுவரை யார் எதைக் கேட்டாலும் “அது ஒண்ணுமில்லண்ணே, சிம்பிள்” என்பதுதான் பதில். போடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பத்தாம் வகுப்பை இரண்டு வருடம் ஆழமாகப் படித்தவன். (இரண்டாம் வருடமும் தேறவில்லை என்பது வேறு விஷயம்.) ஒரு ரேடியோவைப் பிரித்தால் மறுபடி மாட்டும்போது நாலு திருகாணி மிஞ்சும். அதையும் “கம்பெனிக்காரன் தேவையில்லாமப் போட்டது” என்று வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்து அனுப்புவேன்.

எண்பதுகளின் பாதியில் ஒரு நாள் மச்சான் கடைக்கு வந்தார். மச்சான் என்றால் அக்கா புருஷன். சிலமலைக்காரர். மேலே ஒரு எஸ்டேட்டில் ஸ்டோருக்குத் தீ போடுகிற வேலை. விறகு எப்போது போடுவது, எப்போது இழுப்பது, எந்த ஜன்னலைத் திறந்து ஈரக்காற்றை விரட்டுவது என்று எல்லாம் அவர் மூக்குக்கும் உள்ளங்கைக்கும் அத்துபடி. அவர் இறக்குகிற காய் கிளிப்பச்சையாக இருக்கும்.

“மாப்ளே, எங்க மொதலாளி கோயமுத்தூர்ல மூடுன மில்லுலருந்து என்னமோ ஒரு பொட்டி வாங்கியாந்திருக்காரு. மாட்டத் தெரிஞ்ச ஆளு வேணுமாம். ஒனக்குத் தெரியுமா?”

“அது ஒண்ணுமில்ல மச்சான், சிம்பிள்.”

மறுநாள் ஜீப்பில் தொற்றி மேலே போனேன். பெட்டிக்குள் இரண்டு சாமான். ஒன்று, ஒரு சாண் நீள இரும்புக் கம்பி. தலையில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு டப்பா. இதுதான் சூட்டை உணர்ந்து சொல்லும் கருவி. இன்னொன்று, முள் ஆடுகிற கண்ணாடி முகமும் விளக்குகளும் உள்ள பேனல். இதுதான் கேட்டு நடத்துகிற மூளை. இரண்டுக்கும் நடுவே போவது இரண்டே இரண்டு ஒயர்.

கூடவே ஆங்கிலத்தில் ஒரு புத்தகம். அகராதியும் கையுமாக நாலு நாள் உட்கார்ந்தேன். புரிந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் கருவி பேசுகிற மொழி மின்சாரம். துளியூண்டு மின்சாரம். சூடே இல்லாவிட்டால் நாலு மில்லி ஆம்பியர், நூறு டிகிரி என்றால் இருபது, நடுவாந்திரமாக ஐம்பது டிகிரி என்றால் பன்னிரண்டு. பேனல் அந்த ஓட்டத்தை அளந்து முள்ளை நகர்த்தும். சூடு குறைந்தால் அடுப்புக்குக் காற்று ஊதும் மோட்டாரைப் போட்டு, “விறகு போடு” என்று சிவப்பு விளக்கை எரியவிடும். சூடு கூடினால் இரண்டையும் நிறுத்திவிடும்.

இதை நான் மச்சானுக்கு விளக்கினேன். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

“சரி மாப்ளே. அது கம்மியாப் பேசுனா குளுரு. கூடப் பேசுனா சூடு. பொய் பேசுனா?”

“மிசினு பொய் பேசாது மச்சான்.”

“அது சொல்றத இது கேக்குது. இது திருப்பி எதும் கேக்குமா? ‘நெசமாத்தான் சொல்றியா’ன்னு?”

“அதெல்லாம் தேவையில்ல மச்சான்.”

(பின்னாளில்தான் தெரிந்தது, அப்போதே வெளிநாட்டில் பெரிய படிப்புப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான் என்று. இப்போதெல்லாம் அதே இரண்டு ஒயரில், அதே நாலுக்கும் இருபதுக்கும் மேலேயே ஒரு சின்னக் கீச்சுக்குரலை ஏற்றிவிடுகிறார்கள். பேனல் கேட்கும்: நீ யார், உன் அளவு என்ன, உடம்பு சரியாக இருக்கிறதா? கருவி பதில் சொல்லும். அந்தக் கேள்வியை மச்சான் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டபோது நான் சிரித்தேன்.)

மாட்டி முடித்து ஒரு லோடு காய் இறக்கினோம். அருமையான பச்சை. முதலாளி கம்பியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“அப்ப இனிமே தீ பாக்குறதுக்குன்னு தனியா ஆள் வேணுமா தம்பி?”

இந்த இடத்தில் எந்த மடையனும் கொஞ்சம் யோசிப்பான். நான் யோசிக்கவில்லை. “ஆளே வேணாம் மொதலாளி. சிவப்பு லைட்டு எரிஞ்சா விறகு போட யாராயிருந்தாலும் போதும்” என்றேன்.

“அப்படியா? அப்ப ஆயுத பூஜை அன்னிக்கு வந்து முழுசா ஒருக்காப் பாக்குறேன். சரியா இருந்தா கருத்தபாண்டியக் களையெடுப்புக்கு மாத்திருவோம்.”

திரும்பினால் எனக்குப் பின்னால் மச்சான் நிற்கிறார், தோளில் விறகுக் கட்டையோடு. கட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அக்காதான் பேசினாள். ஸ்டோருக்குப் பக்கத்திலிருந்த அந்த ஓட்டு வீடு, தீ போடும் ஆளுக்கென்று கொடுத்தது. வேலை போனால் வீடும் போகும், கைக்குழந்தையோடு கீழே கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து ஒற்றை அறைக்கு இறங்க வேண்டும்.

“மச்சினன்ங்கிற மொறைக்கு அவரு ஒனக்கு வேலை வாங்கிக் குடுத்தாரு. நீ அவரு வேலைக்கே உலை வச்சிட்டியேடா! சோத்தத் தின்னுட்டுப் போ. போயி அந்தக் கம்பியவே அக்கான்னு கூப்புடு.”

சோற்றைத் தின்றேன். (ரோஷத்தில் எழுந்திருக்கலாம்தான். கருவாட்டுக் குழம்பு.) என்ன செய்வதென்று தெரியவில்லை. கருவி தோற்றால் என் மானம் போகும், ஜெயித்தால் அக்கா வீடு போகும். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நெஞ்சைத் தொட்டு ஒன்றும் சொல்ல முடியாத வயது அது. மானம்தான் வேண்டும் என்று நெஞ்சு சொல்லிவிடுமோ என்று தொடவே பயந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. காய் பறிக்கிற மும்முரத்தில் வருகிற பண்டிகை. ஜீப்பு, மருந்தடிக்கும் பம்பு, கவாத்துக் கத்தி எல்லாம் குளித்துச் சந்தனம் பூசி ஓய்வெடுக்கும். ஸ்டோருக்கு மட்டும் ஓய்வு கிடையாது. பறித்த பச்சைக்காய் காத்திருக்காது, மறுநாளே வெளுக்கத் தொடங்கிவிடும். முந்தின நாள் சாயங்காலமே முதல் அறையில் காய் பரப்பித் தீ மூட்டியாகிவிட்டது. இரண்டாம் அறைக்கும் காய் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மச்சான் வழக்கம்போல அடுப்பு வாசலுக்குப் பொட்டு வைத்தார். நான் என் கருவிக்கு வைக்காமல் விடுவேனா? காலையில் அறைக்குள் போய்க் கம்பியைத் துடைத்தேன். சந்தனத்தைக் குழைத்து அப்பினேன். மஞ்சள் தண்ணீரில் நனைத்த புதுத்துணியைக் கோயிலில் பெரிய மனிதர்களுக்குப் பரிவட்டம் கட்டுவதுபோலக் கம்பியைச் சுற்றிக் கட்டினேன். அதன்மேல் போடியிலிருந்து வரவழைத்த செவ்வந்தி மாலை. முதலாளி வருவது மூன்று மணிக்கு. அதுவரை இந்தச் சூட்டில் மாலை வாடிவிடாதா? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. கம்பிக்குக் கீழே ஒரு சொம்புத் தண்ணீரை வைத்து, பரிவட்டத்தின் நுனியை அதில் தொங்கவிட்டேன். துணி தண்ணீரை உறிஞ்சும், மாலை ஈரமாகவே இருக்கும்! எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் ஏன் குளிர்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இரண்டு வருடமும் அன்றைக்கு நான் போகவில்லை போலிருக்கிறது.

அரைமணி நேரத்தில் முள் ஐம்பதிலிருந்து இறங்கி முப்பத்தெட்டில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் ஊதியது. “விறகு மச்சான்!” என்றேன்.

“இப்பத்தான மாப்ளே போட்டது?”

“மிசினு கேக்குது மச்சான்.”

போட்டார். முள் அசையவில்லை. மறுபடி விறகு. ஊதல். மறுபடி. மதியத்துக்குள் மூன்று நாள் விறகு போயிருக்கும். மச்சான் கதவில் உள்ளங்கையை வைத்து வெடுக்கென்று எடுத்தார்.

“மாப்ளே, கதவே சுடுது.”

“கதவு சுடும் மச்சான். கதவுக்கு என்ன தெரியும்?”

“பாயசம் அடிப்பிடிச்ச வாசம் வருது மாப்ளே. நான் ஒரு எட்டு உள்ள பாத்துர்றேன்.”

“தொறக்காதீங்க! சூடு வெளிய போயிரும். ஏற்கனவே முப்பத்தெட்டுதான் இருக்கு!”

“மதி மாப்ளே, மதி” என்றார். (மலையில் இருந்து இருந்து, கோபம் வந்தால் அவருக்குப் ‘போதும்’ என்பதற்கு மலையாளம்தான் வரும்.) “இதுக்கு மேல நான் கட்டை தொட மாட்டேன்.”

அவர் தொடவில்லை. நான் தொட்டேன். என் கையால், பூஜைக்கு எடுத்த புதுச் சட்டையோடு, மூன்று மணி வரைக்கும் கட்டை கட்டையாக வாரிப் போட்டேன்.

முதலாளி வந்தார். கூடவே அவர் மைத்துனரும் குடும்பமும், மிஷின் பார்க்க. நான் நெற்றி நிறையத் திருநீறோடு கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து வந்த காற்றில் முதலாளியின் மைத்துனர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பின்னால் போனார். காய் பச்சையாக இல்லை. மஞ்சளாக இருந்தாலும் மனதைத் தேற்றலாம். நாவல் மரப்பட்டை நிறம். வாய் பிளந்து, அரிசி என்று நாங்கள் சொல்லும் விதை சிதறிக் கிடந்தது. அத்தனைக்கும் நடுவில் என் கருவி மட்டும் ஈரப் பரிவட்டமும் வாடாத மாலையுமாகக் குளுகுளுவென்று வீற்றிருந்தது. பேனலில் முப்பத்தெட்டு.

மச்சான் உள்ளே போய்த் துணியைத் தொட்டார். சொம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரே உருவலில் துணியை எடுத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேனல் முள், திருவிழாவில் காணாமல் போன பிள்ளை அம்மாவைக் கண்டதுபோல, எழுபதைத் தாண்டி ஓடியது.

(கொஞ்ச நாள் கழித்துக் கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு இன்ஜினியரிடம் இதைச் சொன்னேன். காற்றில் உள்ள ஈரத்தை அளக்க இப்படித்தான் வெப்பமானியில் ஈரத்துணி சுற்றித் தண்ணீரில் தொங்கவிடுவார்களாம். “நீங்களாவே கண்டுபிடிச்சிட்டீங்களே” என்றார். பாராட்டா, வேறு ஏதாவதா என்று இன்னும் தெரியவில்லை.)

முதலாளி கருகிய காய் ஒன்றை விரலில் நசுக்கினார்.

“ரெண்டாவது ரூமு லோடு இருக்குல்ல? அது நாளைக்குப் பச்சையா எறங்கணும். எறங்கலன்னா மாமன் மச்சான் ரெண்டு பேரும் வீட்டக் காலி பண்ணிட்டு ஒண்ணா மலையெறங்கிருங்க.”

மச்சானோடு தீ பார்க்கும் இன்னொரு ஆள் பூஜைக்குச் சொந்த ஊரான தேவாரத்துக்குப் போயிருந்தான். அடுப்பையும் பார்த்து, உள்ளேயும் போய்ச் சூடு பார்க்க ஓர் உடம்பு போதாது. மச்சான் இரண்டாம் அறை அடுப்பை மூட்டிச் சூடேற்றினார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகுதான், ஆரம்பத்தில் நான் சொன்ன அந்தப் பேச்சு.

அரைமணிக்கு ஒருமுறை நான் உள்ளே போக வேண்டும். அடுத்த கருவிக்கென்று சுவரில் நானே போட்டு வைத்திருந்த ஓட்டையில் வாயை வைத்துச் சொல்ல வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே வகுத்தார்.

“மூக்கு எரிஞ்சா ‘ஒண்ணு’ன்னு சொல்லு. காது மடல் சுட்டா ‘ரெண்டு’ன்னு சொல்லு. ஒண்ணுமே இல்லன்னாலும் ‘இருக்கேன் மச்சான்’னு சொல்லிக்கிட்டே இரு. சத்தம் வரலன்னா நீ விழுந்துட்டன்னு நெனச்சுக் கதவ ஒடச்சிருவேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் புத்தகத்தில் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தது இதைத்தான். சூடே இல்லாவிட்டாலும் கருவி ஏன் சைபரில் நிற்காமல் நாலில் நிற்கிறது? ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வது வேறு, சொல்ல ஆளே இல்லாமல் போவது வேறு. ஒயர் அறுந்தால்தான் சைபர்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காய் பச்சையாக இறங்கியது. மச்சானைக் களையெடுக்க அனுப்புகிற பேச்சை முதலாளி பிறகு எடுக்கவே இல்லை. கருவியையும் தூக்கிப் போடவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் மச்சானுக்கே வந்தது. தினமும் காலையில் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலக் கதவில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் முள்ளைப் பார்ப்பார். அக்கா அந்த ஓட்டு வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளை பெற்றாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது வீம்புக்கு “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்னால், சின்னப் பிள்ளைகள்கூட “கட்டை போடவா?” என்று கேட்கிறார்கள். போன மாதம் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது என் மருமகளே கேட்டாள்.

அதற்குக் காரணம், அந்த முதல் முறை உள்ளே போனபோது நடந்தது. கதவு சாத்தியாயிற்று. மூக்கு எரிந்தது. காது மடல் சுட்டது. கண்ணிமை ஒட்டிக்கொண்டது. ஆனால் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால் முதலாளி நிற்கிறார், அவர் மைத்துனர் நிற்கிறார், இடுப்பில் பிள்ளையோடு அக்காவும் வந்து நிற்கிறாள். காலையிலிருந்து போன மானத்தில் கொஞ்சமாவது மீட்க வேண்டாமா?

“எப்பிடி இருக்கு மாப்ளே?” என்று மச்சான் கத்தினார்.

“ஒண்ணுமே தெரியல மச்சான்! குளுகுளுன்னு இருக்கு!” என்றேன்.

மச்சான் அடுப்பு வாசலுக்குப் போய், இருக்கிறதிலேயே பெரிய கட்டையாகப் பார்த்து இரண்டு எடுத்து உள்ளே தள்ளினார்.