தட்டாத அட்டை செத்துப்போகும்

“மாஸ்டர் தம்பி, சாக்கு நாங்க கொண்டு வரணுமா, இல்லாட்டி சாக்கோடயே தருவீங்களா?”

கண்டல்துறை ஸ்டேஷன் மாஸ்டர் உதயரூபன் கதவைத் திறந்த கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டான். வாசலில் கண்ணகை. அவளுக்குப் பின்னால் ஊர். சாக்கு, சீனிப்பை, மண்ணெண்ணெய்க் கான், ஒரு கைக்குழந்தை, இரண்டு சைக்கிள். வரிசையின் வால் தண்டவாளத்தைக் கடந்து வாவிக்கரைப் பக்கம் போய் மறைந்திருந்தது.

“என்ன சாக்கு அக்கா?”

“நீங்கதானே நேத்துச் சொன்னீங்க. அட்டை குடுக்கப் போறம், குடும்பத்துக்கு ஒண்டு, காசில்லையெண்டு.”

சொன்னது உண்மைதான். சொன்ன இடமும் சொன்ன விதமும்தான் பிழை. சுனாமி நேரம் நிவாரண லொறிகள் மூட்டை இறக்கியது இதே ஸ்டேஷனில். அதற்காகத்தான் மேடையைக் கல்யாண மண்டபம் போல அகலமாக்கி, வழுவழுவென்று சீமெந்து போட்டார்கள். அதற்குப் பிறகு சண்டை, இடப்பெயர்வு, முகாம். எல்லாவற்றுக்கும் ஓர் அட்டை. இந்த ஊரில் ‘குடும்பத்துக்கு ஒரு அட்டை’ என்று ஒருவர் சொன்னால், கேட்டவர் அடுத்த நிமிடம் சாக்கைத்தான் தேடுவார்.

ஆனால் இது கோச்சி அட்டை, ரயிலில் போவதற்கு. வெடிச்சத்தம் ஓய்ந்த அடுத்த வருடம், டிக்கட் எழுதாமல், சில்லறை தேடாமல் பயணம் செய்யலாம் என்று கொழும்பில் ஒரு கம்பனி கண்டுபிடித்து, மட்டக்களப்புப் பாதையில் பரீட்சித்துப் பார்க்க வந்தது. மேடையில் இடுப்புயரத்துக்கு ஒரு கம்பம். அட்டையைக் காட்டினால் ‘டிங்’ என்று பச்சை விளக்கு எரியும். ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும் இடத்தில் ஒரு தட்டு. பரீட்சைக் காலம் முடியும்வரை காசு வெட்டாது, கணக்கு மட்டும் கொழும்புக்குப் போகும்.

கணக்குக் குறைந்த ஸ்டேஷன்களுக்கு என்ன நடக்கும் என்பதையும் சொல்லியிருந்தார்கள். கோச்சி நிற்காது. மேடையைச் சுற்றிக் கம்பி வேலி அடித்துப் பூட்டிவிடுவார்கள். மாஸ்டரை எங்காவது மலைப்பக்கம் அனுப்புவார்கள்.

அந்தக் கடைசி வரி உதயரூபனைத் தூங்கவிடவில்லை. அவன் ஏற்கெனவே பல வருடம் மலைநாட்டில் குளிரில் கிடந்தவன். கண்டல்துறையில் கம்சாயினியைக் கட்டி, ஊர் வழக்கப்படி அவளுடைய வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய், ஒழுங்காகப் பாயை விரிப்பதற்குள் திரும்ப மலை ஏறியவன். மூத்த மகன் பேசப் பழகியபோது அவனை ‘கோச்சி மாமா’ என்றுதான் கூப்பிட்டான். இந்த வருடம்தான் மாற்றம் கிடைத்தது. வீடு ஸ்டேஷனுக்கு நேர் எதிரே. மத்தியானம் நண்டுக் குழம்பு வாசம் டிக்கட் அறைக்குள் வரும். மகன் இப்போது ‘அப்பா’ என்கிறான்.

“வீடு என்ட. அதத் தூக்கிக்கொண்டு உங்களுக்குப் பின்னால மலைக்கு வரேலாது” என்று கம்சாயினி தெளிவாகச் சொல்லியிருந்தாள். “எப்பிடியாவது இஞ்ச நிக்கிற வழியப் பாருங்க.”

உதயரூபன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். வரிசையைப் பார்த்தான். ஒருவரும் தொடாமல் கிடந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

“சாக்கு இப்ப வேணாம் அக்கா” என்றான். “முதல்ல அட்டைய எடுங்க.”

பத்து மணிக்குள் பெட்டி காலி.

அட்டை போனதே தவிர ஆள் வரவில்லை. எல்லாரும் அட்டையைக் கொண்டுபோய் லமினேட் செய்து, சாமித்தட்டிலும் ட்ரங்குப் பெட்டியிலும் பத்திரமாக வைத்துவிட்டார்கள். கடல் வந்து காகிதமெல்லாம் கொண்டுபோன ஊர்; கையில் கிடைத்த எதையும் லமினேட் செய்யாமல் விடாது. கம்பத்தில் தட்டிய ஒரே மனிதர் சாரன் வியாபாரி சரீப். தினமும் சாரன் மூட்டையோடு டவுனுக்குப் போகிறவர்.

“மாஸ்டர், நான் ஒத்தன் எத்தின தரந்தான் தட்டுற? மெசினுக்கே என்னப் பாத்து அலுத்துப்போச்சி.”

கண்ணகையும் மற்றப் பெண்களும் தினமும் ஸ்டேஷனுக்கு வரத்தான் செய்தார்கள். கோச்சிக்கல்ல. மாசி மாதம், வட்டை வயல்களில் அறுவடை. மேடையில் பாதியை நெல் பிடித்திருந்தது. காலையில் பரப்புவதும், மத்தியானம் காலால் கிளறுவதும், பின்னேரம் கூட்டி அள்ளுவதுமாக அவர்களுக்கு வேலை. கோச்சியால் இறங்குகிறவர்கள் நெல்லுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே பூனை மாதிரி நடந்து போவார்கள். உதயரூபன் இதை ஒவ்வொரு நாளும் கண்டிக்க நினைப்பான். கண்டிப்பு தொண்டைவரை வரும். அங்கே நின்று, “அக்கா, கோச்சி வருது, கொஞ்சம் ஒதுக்குங்க” என்று வெளியே வரும்.

அன்று அவனே அவளிடம் போனான்.

“அக்கா, அட்டைய வீட்டில வச்சிருந்தாக் காணாது. இஞ்ச கொண்டந்து தட்டணும். தட்டாத அட்டை செத்துப்போகும்.”

இது பொய்யல்ல. கனநாள் தட்டாவிட்டால் அட்டை வேலை செய்யாது என்று கம்பனியே சொல்லியிருந்தது. ஆனால் செத்துப்போகும் என்ற சொல் கண்டல்துறையில் காற்றைவிட வேகமாய் ஓடியது.

மறுநாள் காலையிலிருந்து டிங், டிங், டிங். தட்டினார்கள், பச்சை எரிந்ததா என்று பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். ஒருவரும் கோச்சி ஏறவில்லை. அவனுக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் அடுத்த கிழமைவரை இருந்தது. கம்பனியின் பொறியியலாளர் விதானகே தொலைபேசியில் கூப்பிட்டார். தமிழ் ஓரளவு பேசுவார்.

“மாஸ்டர், சந்தோசம்! உங்கட ஸ்டேஷன்தான் முதல் இடம். ஆனா ஒரு பிரச்சினை இருக்கு. கண்டல்துறையில ஏறின ஆள் ஒருத்தரும் எங்கயும் இறங்கல்ல. எங்க போறது அந்த ஆள் எல்லாம்?”

உதயரூபன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான். “இறங்க மறந்திருப்பாங்க சேர்.”

“கோச்சியால இறங்க மறந்ததா?”

“இல்ல சேர், தட்ட. தட்ட மறந்திருப்பாங்க. பழக்கமில்லாத சனம்.”

“சரி, பழக்குங்க.”

பழக்குவதற்கு அவன் கண்டுபிடித்த வழி சரீப். ஊராரிடம், “அட்டை ஒருக்கா டவுனுக்குப் போய் வரணும்” என்று வாங்கி, சாரன் மூட்டைக்குள் ஒளித்து அனுப்பினான். சரீப் மட்டக்களப்பில் இறங்கி, கம்பத்தின் முன் மூட்டையை அவிழ்த்து, மாவிடிப்பதுபோல் ஒரே தாளத்தில் தட்டத் தொடங்கினார். பின்னால் நின்ற சனம் கத்தியது.

“என்ன காக்கா, கடையா விரிக்கீங்க?”

“பொறுங்க வாப்பா, என்ட குடும்பம் கொஞ்சம் பெரிசி!”

ஒரு கிழமை இப்படியே போனது. ஏறினவர்கள் எல்லாரும் ஒழுங்காக இறங்கினார்கள். பிறகு விதானகேயின் குரல் மறுபடியும் வந்தது. இந்த முறை அதில் பயம் இருந்தது.

“மாஸ்டர், இது பெரிய ஆபத்து! ஒரே கோச்சியில இவ்வளவு ஆள், ஒரே நிமிசத்தில இறங்குறது! நசுங்கிச் சாகும். நான் பேசி ரெண்டு பெட்டி கூட்டிப்போட்டன்.”

“ரெண்டு பெட்டியா சேர்?”

“ஓம். இன்னொண்டு. மத்தியானம் பன்னிரண்டுக்குக் கோச்சி இல்ல. அந்த நேரமும் தட்டு நிறைய விழுகுது. ஏன்?”

“வெள்ளன வந்து காத்திருக்கிற சனம் சேர்.”

“மழை பெஞ்ச நாள் ஒரு தட்டும் இல்ல?”

“மழைக்கு எங்கட சனம் வெளிக்கிடாது சேர்.”

“அப்படியா? நல்ல சனம். வியாழக்கிழமை நான் வாறது, கண்ணால பாக்கணும்.”

உதயரூபன் தொலைபேசியை வைத்துவிட்டு, எதிரே தன் வீட்டைப் பார்த்தான். மகன் முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். பொய் பிடிபட்டால் மலை நிச்சயம். பேசப் பழகினதும், தொட்டிலில் கிடக்கிற இளைய மகளும் ‘கோச்சி மாமா’ என்பாள். அழுகை வந்தது. அழ நேரமில்லாததால் மேடைக்கு ஓடினான்.

“அக்கா, வியாழக்கிழமை ஊர்ச்சனம் முழுக்கக் கோச்சியில ஏறணும்.”

கண்ணகை நெல்லைக் கிளறுவதை நிறுத்தினாள். “ஏறி?”

“டவுனுக்குப் போய், பின்னேரக் கோச்சியில திரும்பி வரணும்.”

“அங்கதான் குடுக்காங்களோ?” என்று கேட்டுவிட்டு, சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

உதயரூபன் தலையை மேலும் கீழும் இல்லாமல், பக்கவாட்டிலும் இல்லாமல், வட்டமாக ஆட்டினான். “இன்னொண்டு அக்கா. அண்டைக்கு மட்டும் மேடையில நெல் இருக்கப்படாது.”

இவ்வளவு காலத்தில் அவன் அவளிடம் உறுதியாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒரு நாளைக்குத்தானே?”

“ஒரே ஒரு நாள்.”

“சரி மனே.”

வியாழக்கிழமை கண்ணகி அம்மன் சடங்குக்கு வருகிறமாதிரி வந்தார்கள். பட்டுச்சீலை, பவுடர், பூ. சரீப்பின் மனைவி றஸீனா பெரிய வாளியில் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேடை துடைத்து வைத்த தட்டுப்போல் கிடந்தது. விதானகே கோச்சியால் இறங்கி, கூட்டத்தைக் கண்டு தொப்பியைக் கழற்றினார்.

கூட்டம் தானாகவே வரிசையானது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒவ்வொருவரும் கம்பத்துக்கு முன் வந்து, அட்டையை முதலில் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, முகம் தெரிய நின்று, பிறகு தட்டினார்கள்.

“ஏன் அப்படிப் பிடிக்கிறது?” என்று விதானகே கேட்டார்.

“செக்பொயிண்ட் பழக்கம் சேர். விட்டுப்போக இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும்.”

விதானகே கழற்றிய தொப்பியைத் திரும்பப் போடாமல் வரிசையைப் பார்த்தார். பிறகு, உதயரூபன் எதற்குப் பயந்தானோ அதையே செய்தார். நேராகக் கண்ணகையிடம் போனார்.

“அம்மா, சொல்லுங்க. இந்த அட்டையால உங்களுக்கு என்ன கிடைக்கும்?”

உதயரூபன் ஓரடி பின்வாங்கினான். அரிசி என்று சொல்லப் போகிறாள். பருப்பு, மா, டின்மீன் என்று வரிசையாகச் சொல்லப் போகிறாள். கண்ணை மூடிக்கொண்டான்.

“மாத்தயா,” என்றாள் கண்ணகை, “அட்டையால என்ன கிடைக்குமெண்டு எனக்குத் தெரியாது. ஆனா இந்த ஸ்டேஷன் இருக்கிறபடியாத்தான் எங்கட வீட்டில உலை கொதிக்குது. இதப் பூட்டினா எங்கட சோத்தில மண்.”

பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் “ஓம் மாத்தயா, மெய்தான்” என்றார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

விதானகேயின் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு அவர்களோடேயே கோச்சியில் ஏறினார். அந்தக் கோச்சி போன போக்கை இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். சண்டைக்கு முன் ஏறினவர்களும், பிறந்ததிலிருந்து ஏறாதவர்களும் ஜன்னலுக்கு அடிபட்டார்கள். சரீப் ஒரு பெட்டி முழுக்கச் சாரன் விற்றார். பொறியியலாளருக்கும் ஒரு சோற்றுப் பார்சல் கிடைத்தது. டவுனில் ஐஸ்கிறீம் குடித்து, கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்து, பின்னேரக் கோச்சியில் பாட்டும் கைதட்டுமாகத் திரும்பினார்கள். வந்து நின்ற கோச்சியின் ஜன்னலால் விதானகே தலையை நீட்டிக் கத்தினார்.

“மாஸ்டர்! வேலி இல்ல! ஸ்டேஷன் இருக்கும், நீங்களும் இருக்கும்!”

உதயரூபன் தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு ஓடி, மகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச்சுற்றி வந்தான். கம்சாயினி சிரித்துச் சிரித்துக் கதவில் சாய்ந்துவிட்டாள். அன்று நண்டுக் குழம்பில் அவனுக்கு இரண்டு நண்டு கூடுதலாக விழுந்தது.

ஆனாலும் சாப்பாடு முழுசாக இறங்கவில்லை. இந்தச் சனத்தை இல்லாத அரிசிக்காக எத்தனை நாள் தட்டவிட்டேன் என்று மனம் குத்தியது. மறுநாள் விடிந்ததும் மேடைக்குப் போனான். கண்ணகை வழக்கம்போல் நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தாள். இன்று முக்கால் மேடை.

“கண்ணகையக்கா, கோவிக்காதீங்க. ஒண்டு சொல்லணும். அந்த அட்டைக்கு அரிசி...”

“வராது. தெரியும்.”

“தெரியுமா? எப்ப?”

“முதல் நாள் சாக்கோட வந்தது மெய். அண்டைக்குப் பின்னேரமே என்ட மகள் விதுர்ஷா அட்டையில இரிக்கிறத வாசிச்சுச் சொல்லிப்போட்டாள், இது கோச்சிக்குத் தட்டுறதெண்டு. வேலி, மலை எண்டு கம்சாயினியும் சொல்லிப்போட்டா. ஊருக்கே தெரியும்.”

உதயரூபன் நெல்லுக்குப் பக்கத்தில் குந்திவிட்டான். தன்னை மாற்றிவிடக்கூடாது என்பதற்காகவா இந்தச் சனம் இவ்வளவும் செய்தது? நெஞ்சு நெகிழ்ந்து, கண்ணில் தண்ணீர் முட்ட, “அப்ப ஏன் அக்கா, நாள் தவறாம வந்து தட்டினீங்க?” என்று கேட்டான்.

கண்ணகை நெல்லை விட்டு நிமிர்ந்தாள்.

“பின்ன என்ன மனே, மேடைக்கு வேலியடிச்சு உங்களையும் மலைக்கு ஏத்திப்போட்டா, இந்த நெல்ல நாங்க எங்க கொண்டுபோய்க் காயப்போடுற?”