எளிய வாழ்வும் ஒரு தூக்குவாளி ஐஸும்

மோர் சுட்டது. மண்பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, மணல் மேல் வைத்த மோர்தான். சித்திரை வெயில் அதையெல்லாம் மதித்ததாகத் தெரியவில்லை. குமரகுருபரன் ஒரு வாய் குடித்தார். விழுங்கவும் முடியவில்லை, மனைவி எதிரே நின்றதால் துப்பவும் முடியவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அனுராதா.

"அமிர்தம்."

"இன்னொரு தம்ளர் ஊத்தட்டா?"

"வேண்டாம். அமிர்தம்லாம் அளவாத்தான் குடிக்கணும்."

குமரகுருபரன் சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி நாள் மாலையைக் கழற்றிய கையோடு, எளிய வாழ்வு வாழப்போவதாக அறிவித்துவிட்டார். ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டு, கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய பூர்வீக வீட்டுக்கு வந்துவிட்டார். செல்போன் மட்டும் விதிவிலக்கு. எளிமையாக வாழ்வதை நாலு பேருக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே.

அனுராதா ஒரு நிபந்தனையோடுதான் வந்தாள்.

"ஒரு கோடை முழுக்க இங்கன இருந்து பாப்போம். 'இந்த வசதி வேணும்'னு யாரு முதல்ல தேடுதாங்களோ, அவுங்க தோத்தாச்சு. நான் தோத்தா கடைசி வரைக்கும் இங்கனயே இருக்கேன். நீங்க தோத்தா, மறுபேச்சு பேசாம சென்னைக்கு, பையன் வீட்டுக்கு."

பையன் வீடு பதின்மூன்றாவது மாடியில் இருந்தது. எதிர்க் கட்டிடத்தில் துணி காய்வதைப் பார்ப்பதைத் தவிர அங்கே அவருக்கு வேலை கிடையாது. இங்கே ஆறு இருந்தது. விடியற்காலை படித்துறையில் இறங்கி முங்கினால் உடம்பில் உள்ள வயசெல்லாம் கரைந்து போகிற மாதிரி இருக்கும். அதை விட்டுப் போக அவருக்கு மனசில்லை. தோற்கக் கூடாது. ஆனால் குளிர்ந்த மோரும் வேண்டும்.

மறுநாள் பாலத்துப் பக்கம் போனார். உவரியிலிருந்து மீன் கொண்டுவரும் ஜாஸ்பர் அங்கேதான் தன் குட்டியானை வண்டியை நிறுத்துவான். அவன் எடை போட, மனைவி சாலோமி மீனை ஆய்ந்து கொடுப்பாள். குமரகுருபரன் பரம்பரை பரம்பரையாகச் சுத்த சைவம். அந்த வண்டியைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறவர், அன்று நேராக அதை நோக்கி நடந்தார்.

"என்ன மீனு வேணும் அண்ணாச்சி?" என்றான் ஜாஸ்பர், நம்பாமல்.

"மீன் வேண்டாம். கொஞ்சம் ஐஸ் வேணும்."

"எதுக்கு?"

"காலுல சுளுக்கு."

"எந்தக் காலு?"

குமரகுருபரன் யோசித்தார். "ரெண்டும்."

ஜாஸ்பர் தூக்குவாளி நிறைய ஐஸை அள்ளிப் போட்டான். "சுளுக்குக்குப் போடுங்க. வாயில மட்டும் போட்டுறாதீங்க. இது மீனுக்குள்ள கிடந்த ஐஸ்."

ஐஸை அவர் ஏன் வாயில் போடுகிறார்? தோப்பில் இருந்த பம்புசெட் அறைக்குப் போய், மோர் பாட்டிலை நன்றாக மூடி வாளிக்குள் நட்டு வைத்தார். அரை மணி நேரம் கழித்துக் குடித்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்படியே கயிற்றுக்கட்டிலில் படுத்து, சாயங்காலம் வரை தூங்கினார்.

வீட்டில் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "நாளையிலேருந்து மத்தியானம் தோப்புல தியானம் பண்ணப் போறேன்."

"நல்லதுதான். பைய வாங்க. இங்க அவசரம் ஒண்ணுமில்ல," என்றாள் அனுராதா.

அவளுக்கும் இந்த வாழ்க்கை பிடித்துப்போய்விட்டது என்று அவர் நினைத்தார். கொல்லைப்புறத்து விறகடுப்பைப் பற்றி முதல் வாரம் முணுமுணுத்தவள், இப்போது தானாகவே புதிதாக ஒரு மண்சட்டி வாங்கிப் பழக்கிக்கொண்டிருந்தாள். அவர் அதைப் படம் பிடித்து, ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். நிறையப் பேர் கைகூப்பினார்கள்.

வாடைதான் முதலில் தொல்லை கொடுத்தது. வாளியைச் சுற்றிக் கொண்டுபோன துண்டு நாறியது. ஆற்றில் எத்தனை தடவை அலசியும் போகவில்லை. வீட்டைச் சுற்றிப் பூனைகள் வர ஆரம்பித்தன. முன்வாசலில் ஒன்று, கொல்லையில் நாலு.

"இதுக்கு முன்னால இந்தப் பூனையெல்லாம் எங்க இருந்தது?" என்றார் அவர், முந்திக்கொண்டு.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வாடையை மறைக்கப் பம்புசெட் அறையில் சாம்பிராணி போட்டார். உடம்பு முழுக்க விபூதியும் சந்தனமும் பூசினார். தோப்பிலிருந்து தினமும் மத்தியானம் சாம்பிராணிப் புகை கிளம்புவதைப் பார்த்த ஊர், அவருடைய தியானம் முற்றிவிட்டது என்று முடிவு செய்தது. ஒருநாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள் இருவர் தரிசனத்துக்கே வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் பாட்டிலை நட்டிருந்தார். வேறு வழியில்லாமல் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார். அவர்கள் எழுந்து போகிற வழியாக இல்லை. ஐஸ் முழுக்கக் கரைந்து தண்ணீரானது.

"வாளியில என்ன அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டார் ஒருவர்.

"தீர்த்தம்," என்றார் குமரகுருபரன், கண்ணைத் திறக்காமல்.

உடனே இரண்டு பேரும் கையை நீட்டினார்கள்.

"குடிக்கக் கூடாது," என்று பதறினார் அவர். "தலையில மட்டும் தெளிச்சுக்கிடுங்க."

தாராளமாகவே தெளித்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனதும் அவரவர் மனைவிமார் அவர்களை வாசலிலேயே நிறுத்திக் கேட்ட கேள்விகளைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. இரண்டாம் நாள் அந்தச் செய்தி அனுராதாவின் பிறந்த ஊரான நாங்குநேரிக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் அனுராதாவின் அண்ணன் வைத்தியலிங்கம் வந்து இறங்கினார்.

வைத்தியலிங்கம் வெங்காயம்கூடச் சேர்க்காதவர். வாசல்படியைத் தாண்டியதும் நின்றார். மூக்கு இரண்டு தடவை விரிந்தது.

"வீட்டுக்குள்ளயே வாடை அடிக்கு மாப்ளே," என்றார். "நான் சுத்தி வளைச்சுப் பேசுறவன் இல்ல. நேராக் கேக்கேன். மீனு திங்கீங்களா?"

அனுராதாவின் முகம் வெளுத்தது. குமரகுருபரனுக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஐஸ் என்று அவள் காதுபட உண்மையைச் சொன்னால் பந்தயம் போய்விடும், ஆறும் போய்விடும். மீன் என்று சொன்னால் மானம் போகும். அடுத்த கல்யாண வீட்டில் வேறொருவன் ஏதாவது செய்கிறவரைக்கும்தான் மானம் போனதைப் பேசுவார்கள். பதின்மூன்றாவது மாடியோ சாகிற வரைக்கும்.

"ஆமா அத்தான்," என்றார். "திங்கேன்."

வைத்தியலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டார். அனுராதா கணவனை அப்படி ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"போட்டும் அண்ணே," என்றாள். "வயசான காலத்துல வாய்க்குப் பிடிச்சதைத் தின்னா என்ன குறைஞ்சுபோச்சு? விட்டுருங்க."

இவ்வளவு பெரிய மனசா இவளுக்கு என்று குமரகுருபரன் உருகிப்போனார்.

வைத்தியலிங்கம் விடவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் குட்டியானையின் ஹாரன் சத்தம் கேட்டது. வேகமாக வாசலுக்குப் போய் வண்டியை மறித்தார்.

"ஏம்பா, இந்த வீட்டுக்காரருக்கு மீனு குடுக்கியே, உனக்கு நல்லாருக்கா?"

ஜாஸ்பர் வண்டியை விட்டு இறங்கினான். வைத்தியலிங்கத்துக்குப் பின்னால் வந்து நின்ற குமரகுருபரனையும் அனுராதாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாதா சத்தியமாச் சொல்லுதேன், அண்ணாச்சி எங்கிட்ட மீனே வாங்கினதில்ல. தினம் ஒரு வாளி ஐஸ்தான் வாங்குதாரு. கால் சுளுக்குன்னாரு. மோரைக் குளுர வைக்காருன்னு பாத்தவங்க சொன்னாங்க."

வைத்தியலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஐஸா? இதைச் சொல்லதுக்கு என்ன மாப்ளே? நம்ம குடும்பத்துல மீனா, எப்படின்னு பாத்தேன்."

குமரகுருபரன் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் முடிந்தது. "பந்தயத்துல நான் தோத்துட்டேன் அனுராதா. பெட்டியக் கட்டு. சென்னைக்குப் போவோம்."

"அதுதான் சரி," என்றார் வைத்தியலிங்கம். "இந்த வேகாத வெயில்ல என்னத்துக்குக் கிடந்து கஷ்டப்படணும்?"

"நாங்க எங்கயும் போகல," என்றாள் அனுராதா.

குமரகுருபரன் நிமிர்ந்தார்.

"ஒரு வாளி ஐஸெல்லாம் ஒரு வசதியா? அதைக் கணக்குல சேக்க முடியாது," என்றாள் அவள். "அங்க லிஃப்ட் இருக்கு, ஏசி இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா இங்கன கிடைக்கது அங்கன இவ்வளவு நல்லாக் கிடைக்குமா? எனக்கு இந்த ஊரே போதும்."

எளிய வாழ்வின் அருமை கடைசியில் இவளுக்குத்தான் முழுசாகப் புரிந்திருக்கிறது என்று குமரகுருபரன் நினைத்தார். நாளைக் காலை குழுவில் போட வேண்டிய பதிவின் முதல் வரிகூட மனதில் வந்துவிட்டது.

அப்போது கொல்லைவாசல் பக்கமிருந்து சாலோமியின் குரல் கேட்டது.

"அக்கா, அண்ணாச்சி தியானத்துக்குப் போயாச்சா? நீங்க கேட்ட நெய்மீனு இன்னைக்கு வந்துட்டு."