சந்தனம் பூசிய துப்பாக்கி

மதுரை ஜில்லாவில் இன்னும் எங்காவது துரு மிச்சமிருக்கிறது என்றால், அது துரு அண்ணன் கண்ணில் படாமல் தப்பித்த துரு.

செல்லூரில் எங்கள் தெருமுனையில் அவர் பட்டறை. பவர்லூம் தறிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுப்பது பிழைப்பு. அதோடு துப்பாக்கி ரிப்பேர் செய்யும் லைசென்ஸ் ஒன்றும் வைத்திருந்தார். அதைச் சட்டம் போட்டு முருகனுக்கும் மீனாட்சிக்கும் நடுவில் மாட்டி, தினமும் மூவருக்கும் சேர்த்துப் பத்தி காட்டுவார். வருஷத்துக்கு நாலு துப்பாக்கி வந்தால் அதிசயம். லைசென்ஸில் இருந்த பெயரைப் பத்திப் புகை மூடிவிட்டதால், அவர் சொந்தப் பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது.

சட்டைப்பையில் எப்போதும் கண் சொட்டு மருந்துக் குப்பி ஒன்று இருக்கும். உள்ளே தையல் மெஷின் எண்ணெய். கிறீச் என்று எங்கே கேட்டாலும் கை தானாகப் பைக்குப் போய்விடும். ஒரு முறை தெருவில் துக்க வீடு. பிரீசர் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினார்கள், சக்கரம் கிறீச்சிட்டது. ஒப்பாரிக்கு நடுவில் பார்த்தால் இவர் பெட்டிக்கு அடியில் இருக்கிறார்.

"யோவ், என்னய்யா பண்ற அங்க?" என்று இறந்தவரின் மைத்துனர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ரெண்டே சொட்டுண்ணே. கடைசிப் பயணமாச்சும் சத்தமில்லாமப் போகட்டும்."

துப்பாக்கியைக் கையில் வாங்கினால் முதல் வேலை, வாயைத் தரைக்குத் திருப்புவது. இரண்டாவது, திறந்து தோட்டா இல்லை என்று பார்ப்பது. ஒரு நிமிஷம் முன்னால் அவரே பார்த்திருந்தாலும் மறுபடி பார்ப்பார். இந்தப் பழக்கம் முற்றிப்போய், மழைக்கு ஒதுங்குகிறவர் குடையை நீட்டினால்கூட நுனியைத் தரைக்குத் திருப்பித்தான் வாங்குவார்.

இன்னொரு வியாதியும் உண்டு. இரும்பைப் பற்றிப் பொய் சொல்ல வராது. என் நண்பன் பழைய பைக்கை விற்க, நான்தான் வாங்குகிற ஆளைப் பட்டறைக்குக் கூட்டி வந்தேன். "நல்ல வண்டிதானேண்ணே?" என்று கண் ஜாடை காட்டினேன். "ரெண்டு மழைக்காலம் ரோட்டுல நின்ன வண்டி தம்பி. செயின் கவரைக் கழட்டுனா அழுதுருவீக," என்றார். அந்த நண்பன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மாமனார் மானம் போய்ச் சிக்கியது.

மாமனாருக்குச் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். அவருடைய சொத்து மூன்று: கொடிக்கால், மீசை, அவர் அப்பா புதிதாக வாங்கி விட்டுப்போன துப்பாக்கி. வாலிபத்தில் கொடிக்காலுக்குள் பாய்ந்து வந்த காட்டுப்பன்றியை ஒரே தோட்டாவில் சாய்த்தவர் அவர். நான் பெண் பார்க்கப் போன அன்று அந்தப் பன்றி கன்றுக்குட்டி அளவு இருந்தது. என் மகளுக்குக் காது குத்தும்போது எருமை அளவு வளர்ந்திருந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் அவருக்கு முதல் நாற்காலி கிடைப்பதும் அந்தப் பன்றியால்தான்.

எலெக்‌ஷன் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். போன எலெக்‌ஷனுக்கு மாமனார் கொண்டுபோனபோது, புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஸ்டேஷன் ரைட்டர் முகம் சுளித்தார். வழக்கமான வேட்டைத் துப்பாக்கி நடுவில் மடங்கும். இது மடங்காது. கதவுத் தாழ்ப்பாளைப் போல ஒரு போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும்.

"லைசென்ஸ்ல ஷாட்கன்னு இருக்கு. இது ரைஃபிள் மாதிரில்ல இருக்கு? நம்பரையும் காணோம். ஒரு வாரத்துல லைசென்ஸ் வச்ச ரிப்பேர்காரரக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. இல்லாட்டி துப்பாக்கி கோர்ட்டுக்குப் போகும், நீங்களும் தொணைக்குப் போவீக."

மாமனார் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் துப்பாக்கியை வேட்டியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் துரு அண்ணனிடம் கூட்டிப் போனேன்.

அண்ணன் வாயைத் தரைக்குத் திருப்பினார். போல்ட் அசையவில்லை. மோந்து பார்த்தார்.

"ஐயா, இதுக்கு என்ன பண்ணுனீக?"

"வருசா வருசம் ஆயுத பூசைக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வச்சு, மாலை போடுவோம்," என்றார் மாமனார் பெருமையாக. "பழைய சந்தனத்தைத் தொடைக்க மாட்டோம். சாமி குத்தம். பொங்கலுக்குப் பம்புசெட்டுக்கு அடிச்ச சில்வர் பெயிண்டு மிஞ்சுனா இதுக்கும் ஒரு கை பூசிருவோம்."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "துப்பாக்கியை எங்கய்யா கொண்டாந்தீக? உற்சவர் சிலையவுல்ல கொண்டாந்திருக்கீக!"

இரண்டு நாள் வேலை. மூங்கில் சிம்பால் சந்தனத்தைச் சுரண்டினார். தின்னர் போட்டுப் பெயிண்டை உரித்தார். "எமரித் தாள் வச்சுத் தேய்ச்சா சீக்கிரம் போயிருமேண்ணே," என்றேன். "நம்பரும் சேந்து போயிரும். பெறகு ஒம் மாமனாருக்கு ஜெயில்ல ஒரு நம்பர் குடுப்பாய்ங்க," என்றார். எண்ணெய் ஊறவைத்து, இரும்பு நாரால் பூப்போலத் தேய்த்தார். கடைசியில் குழலுக்கு அடியில் சாக்பீஸைத் தடவித் துடைத்தார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. ஐந்து எண்கள். லைசென்ஸில் இருந்த அதே ஐந்து. மாமனார் பட்டறை என்றும் பார்க்காமல் விழுந்து கும்பிட்டார். துப்பாக்கியையா, முருகனையா என்று தெரியவில்லை.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அண்ணன் போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் கம்பியை விட்டார். முதலில் ஒரு குளவிக்கூடு வந்தது. பின்னால், காய்ந்துபோன அல்வா மாதிரி பழுப்பாக ஏதோ வந்தது.

"தம்பி, இது கம்பெனியில தடவி அனுப்புன கிரீசு. ஒரு தோட்டா போயிருந்தாலும் இது மிஞ்சாது. இந்தத் துப்பாக்கி பொறந்ததுல இருந்து சுட்டதே இல்ல."

"அப்ப அந்தப் பன்னி?"

"எந்தப் பன்னி?"

பன்றியின் சரித்திரத்தைச் சொன்னேன். பஞ்சாயத்து நாற்காலியையும் சொன்னேன். "அண்ணே, வெளிய சொல்லிராதீங்க. மனுசன் செத்தே போயிருவாரு," என்று கெஞ்சினேன்.

"நானாச் சொல்ல மாட்டேன். கேட்டா? எனக்கு மறைக்க வராதே தம்பி," என்றார் பரிதாபமாக.

ஏழாம் நாள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். மாமனார் தன் வெற்றியைப் பார்க்க ஊர்க்காரர் நாலு பேரை வேறு கூட்டி வந்திருந்தார். பன்றிப் பேச்சை யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று நான் அண்ணன் பக்கத்திலேயே நின்றேன்.

அண்ணன் தோட்டா இல்லை என்று பார்த்து, நம்பரைக் காட்டி, போல்ட்டைக் கழற்றி, ரைட்டரைக் குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார். "ரைஃபிள்னா உள்ள முறுக்குக் கோடு இருக்கும் சார். இருக்கா?"

"இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு."

"ரைஃபிள் குழல்ல சுண்டுவிரல்கூட நுழையாது. இதுல வெரலே போகும்."

ரைட்டர் நம்பாமல் மோதிர விரலை மோதிரத்தோடு விட்டார். போனது. வரவில்லை. ஸ்டேஷனே எழுந்து நின்றது. அண்ணன் பையிலிருந்து குப்பியை எடுத்தார். சொட்டு விடுவதற்கு முன், பழக்க தோஷம், குழலின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "பயப்படாதீக சார், காலிதான்."

விரல் வெளியே வந்ததும் ரைட்டர் அதை ஊதிக்கொண்டே, எது கேட்கக் கூடாதோ அதைக் கேட்டார்.

"குழல் இம்புட்டுச் சுத்தமா இருக்கே. இது சுட்டதே இல்லையா?"

ஊர்க்காரர் நாலு பேரும் அண்ணனைப் பார்த்தார்கள். மாமனார் சுவரைப் பார்த்தார். மீசை நுனி நடுங்கியது. அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார்.

"சுட்ட கையோட தொடைச்சு வச்சிருக்காக சார்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தக் காலத்து ஆளு."

ரைட்டர் ரசீது எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "பொய் வராதுன்னீங்களேண்ணே?"

"துருவைத்தான் தம்பி எடுக்கணும். மனுசன் மீசையவா எடுக்குறது?" என்றார். பிறகு வழி நெடுக, குற்றம் செய்து மாட்டியவர் மாதிரி ஜன்னல் பக்கமே பார்த்து வந்தார்.

அதன் பிறகு வாரம் தவறாமல் பட்டறைக்குச் சோழவந்தான் வெற்றிலைக் கட்டு ஒன்று வந்தது. அண்ணனுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு மனசு வரவில்லை. பன்றி அதற்குமேல் ஒரு அங்குலம்கூட வளரவில்லை.

போன மாசம் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று. பெயரைப் படித்துவிட்டு யாரோ என்று தாண்டிப் போனேன். படம் உறைத்துத் திரும்பி ஓடினேன்.

மாமனார் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். பிரீசர் பெட்டியை வாசலுக்குத் தள்ளியபோது சக்கரம் கிறீச்சிட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்தினார்கள். எல்லார் கண்ணும் அண்ணன் சட்டைப்பை இருக்கும் இடத்துக்குப் போனது.

"மாப்ள, அந்தக் குப்பி எங்க?" என்றார் மாமனார்.

அண்ணன் மனைவி உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சக்கரத்துக்கு இரண்டே சொட்டு விட்டார்.

துரு அண்ணன் சத்தமில்லாமல் போனார். நாங்கள்தான் சத்தம் போட்டு அழுதோம்.