வடசேரி ஊஞ்சலும் தென்சேரி ஊஞ்சலும்

புளியந்தீவு,
1937 ஆவணி.

என் அன்புத் தம்பி வினாயகமூர்த்திக்கு,

அக்கா அன்னப்பூரணி எழுதுவது. இங்கு நானும் வீட்டுப் பசுவும் சுகம். கொழும்பில் நீயும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மண்டூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

நீ கந்தோரில் வேலைக்கு நடுவே வரைந்தனுப்பிய தோட்டப் படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோடெல்லாம் நேர். என்னைப் படிப்பித்த கன்னியாஸ்திரிமார் கண்டால் உன்னை மெச்சியிருப்பார்கள். காலமான உன் அத்தானின் ஞாபகமாக வாவிக்கரை வளவைச் சிறுவர் தோட்டமென்று பட்டின சபைக்கு எழுதிக் கொடுத்து, உன் படத்தின்படியே ரோசாப் பாத்தி, வெள்ளைக் கல் பாதை, வாங்கு, "பூவைத் தொடாதே" பலகை எல்லாம் வைத்தேன். வந்தது யார்? வாங்கில் மத்தியான நித்திரை கொள்ளும் கிளாக்கர்மாரும், பலகை வாசிக்கத் தெரியாத ஆடுகளும். ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை. சபைத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளையள் இல்லாத இடம் சிறுவர் தோட்டமோ அம்மா? இப்பிடியே கிடந்தா வண்டிப்பேட்டையாக்கிறதுதான்" என்றார். அத்தானின் பெயர்ப் பலகைக்குக் கீழே மாடுகள் சாணி போடுவதா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். சட்டை தைப்பவன் உடம்பை அளக்கிறான்; தோட்டத்துக்கு மட்டும் ஏன் ஒருவரும் பிள்ளைகளைக் கேட்பதில்லை? இதைச் சொன்னதும் பக்கத்து வளவு இளையதம்பியர், அதுதான் பென்சன் எடுத்த போஸ்மாஸ்டர், வேலிக்கு மேலால் சிரித்தார். "பிள்ளையளிட்டக் கேட்டுத் தோட்டம் போடுறதோ? அப்ப பசுவிட்டக் கேட்டுத்தான் பட்டி கட்டோணுமாக்கும்!" பெரியவர்கள் இதில் தலையிடக் கூடாது என்று அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு, கையுயர்த்தித்தான் பேச வேண்டும் என்ற ஒழுங்கையும் சொல்லி, "இரண்டு பக்கமாகப் பிரிந்து நில்லுங்கள், பக்கத்துக்கொரு படம் கீறுங்கள்" என்றேன். அங்கேதான் பிழை நேர்ந்தது.

கொழும்புக்குப் போன பிறகு நீ மறந்திருப்பாய். மழை வேண்டிக் கண்ணகை அம்மனுக்குக் கொம்பு முறிக்கும்போது நம் ஊரவர்கள் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, கொளுவிய கொம்பில் ஒன்று முறியுமட்டும் வடம் இழுப்பார்களே, ஒரே வீட்டில் புருசன் ஒரு சேரி, பெண்சாதி மறுசேரியாக முகம் பாராமல் திரிவார்களே! இந்தப் பிள்ளைகளும் இரண்டு பக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒருவரையொருவர் கேளாமலே தகப்பன்மாரின் சேரியில் போய் நின்றுகொண்டார்கள். நடுவில் நின்றது, புடைவைக்கடை முகைதீன்பாவாவின் மகள் றஸீனாவும் அவளுடைய தம்பிமாரும். "நாங்க எந்தச் சேரி, பெத்தா?" என்று அவள் இந்தக் கிழவியைக் கேட்டாள். "நீங்கள் நடுவர், மகள்" என்றேன்.

பிறகு கேட்பானேன்! தென்சேரி ஊஞ்சல் கேட்டது. வடசேரி அதைவிட ஒரு முழம் உயர்ந்த ஊஞ்சல் கேட்டது. இவர்கள் மணற்குவியல் என்றால் அவர்கள் சேற்றுக்குளம். இவர்களுக்கு ஏறி விளையாட மரம். அவர்களுக்கு ஓட்டைத் தோணி. பாதை வளைந்து வளைந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஒளித்து விளையாட முடியாதாம். இதில் இரண்டு சேரியும் ஒன்று. இரண்டு படத்தையும் சேர்த்துப் பிள்ளைகளே தோட்டத்தை மாற்றிப் போட்டார்கள்; உன் நேர்கோடுகள் போயின, தம்பி. கொம்புமுறிப்பு மாதிரித் தாங்களும் வடம் இழுக்க இடமில்லையென்று ரோசாக்களும் போயின. வசைப்பாட்டு வேறு. "வடசேரி ஊஞ்சலிலே வவ்வாலும் தொங்காது" என்று இவர்கள் பாட, "தென்சேரி ஊஞ்சலிலே தேரைக்கும் மயக்கமாம்" என்று அவர்கள் பாட, நான் தென்சேரிப் பாட்டில் ஓசை தட்டிய இடத்தை மட்டும் திருத்திக் கொடுத்தேன். அதைப் பக்கச்சார்பு என்று இளையதம்பியர் சொல்லித் திரிகிறார். அவர் வடசேரி.

வடமிழுப்பு உச்சத்தில் நிற்கும் நேரம் பார்த்துச் சபைத் தலைவர் வந்தார். கையில் வண்டிப்பேட்டைக்கு நிலம் அளக்கிற நாடா. றஸீனா போய் மறித்தாள். "ஐயா எந்தச் சேரி?"

"வடசேரி" என்று மனிசன் வாய்தவறிச் சொல்லிப்போட்டார். அதுக்கு மறுகா கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுட்டு வடத்தில் தொங்கினார். தென்சேரிக் குஞ்சுகள் ஒரு இழுவை இழுத்தார்கள் பார், தலைவர் நேரே சேற்றுக்குளத்தில் குந்தினார். வண்டிப்பேட்டைதான், முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சேற்றுக்குள் இருந்தபடியே அவர் கத்தினார்: "அடுத்த கிழமை திரும்ப இழுப்பம்! வடசேரிக்கு இன்னும் கொஞ்சம் வளவு விடுங்கோ, காலூன்ற இடமில்லை!" நாடாவை அங்கேயே விட்டுப் போனார். பிள்ளைகள் அதால் பட்டத்துக்கு வால் கட்டிவிட்டார்கள்.

அத்தானின் பெயர்ப் பலகையை எந்தப் பக்கம் நாட்டுவதென்று சண்டை வந்தபோது றஸீனா தீர்ப்புச் சொன்னாள்: "அவர் வடசேரி, பெத்தா தென்சேரி. நடுவில வையுங்க. ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு இருக்கட்டும்." எனக்கு முந்தானை தேவைப்பட்டது. இந்தப் பட்டினத்தில் பிள்ளைகள் தாங்களே போட்ட தோட்டம் இது ஒன்றுதான் தம்பி, உன் அக்காவின் வளவில். நான் ஒதுங்கிக்கொண்டேன். இனி எல்லாம் அவர்கள் பாடு.

மச்சாளுக்கு என் அன்பு. பிள்ளைகள் நெஞ்சு நிமிர்ந்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
அன்னப்பூரணி

பி.கு.: வருகிற ஞாயிறு பிள்ளைகள் தோட்டத்துக்குத் தலைவர் தெரிவு வைக்கிறார்கள். நானும் நிற்கிறேன். எதிரி றஸீனா. ஊஞ்சலில் ஆளுக்கு இன்னொரு தரம் ஆட விடுவதாகச் சொல்லி வடசேரி முழுவதையும் தென்சேரியில் பாதியையும் பிடித்துவிட்டாள். உன் பிள்ளைகளை உடனே ரயிலேற்றி அனுப்பு. தாங்கள் தென்சேரி என்று ஏற்றும்போதே சொல்லிக் கொடு.